பயணம் சொல்லப் போன சைக்கிள்

1

மக்காவுக்கு உம்றா போவதென்று முடிவானதும் நான் செய்த முதல் வேலை, டென்மார்க்கில் என் வீட்டுச் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு நூற்று நாற்பது பேரிடம் ஒரே தடவையில் மன்னிப்புக் கேட்டதுதான்.

சிரிக்காதீர்கள். எங்கள் ஆட்களில் மக்காவுக்குப் போகிறவர்கள் புறப்பட முன்னர் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்ல வேண்டும். "தெரிஞ்சும் தெரியாமலும் ஏதாவது பிழை செஞ்சிருந்தா அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்க" என்று கேட்க வேண்டும். அவர்கள், "பொறுத்துக்கிட்டோம், எங்களுக்கும் துஆ செய்ங்க" என்பார்கள். இதற்கு மாப்புக் கேட்பது என்று பெயர். ஒரு மனிதனுக்குச் செய்த குற்றத்தை அந்த மனிதன்தான் பொறுக்க வேண்டும். அதை ஊரில் தீர்க்காமல் கஃபாவின் முன்னால் போய் நின்று அழுவதில் பிரயோசனமில்லை என்று சின்ன வயதிலேயே எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

புத்தளத்தில் இருப்பவர்கள் பின்னேரங்களில் போய் ஒவ்வொரு வீடாக முடிப்பார்கள். டென்மார்க்கில் இருப்பவள் என்ன செய்வாள்? குடும்பக் குழுவில் குரல் செய்தி போட்டேன். எப்படிப் போடுவது என்று காட்டித் தந்தவள் என் மகள் ஹனா. கோபன்ஹேகனில் படிக்கிறாள், விடுமுறைக்கு வந்திருந்தாள். நான் பேசி முடித்ததும், "நூற்று நாற்பது பேருக்கும் நீங்கள் அப்படி என்ன செய்தீர்கள், உம்மா?" என்று டெனிஷில் கேட்டாள். நான் தமிழில் பதில் சொன்னேன். பத்து வருடமாக எங்கள் வீட்டில் கதை இப்படித்தான் நடக்கிறது.

ஒரு மணித்தியாலத்துக்குள் பதில்கள் வந்து கொட்டின. பொறுத்துக்கிட்டோம், மாஷா அல்லாஹ், எங்களையும் துஆவில் சேருங்கள், ஒரு ரோசாப்பூ, ஒரு கஃபா படம். அப்பாடா என்று தேத்தண்ணி போட எழுந்து போனேன். திரும்பி வந்தபோது குழுவுக்கு வெளியே, எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்து கிடந்தது. ஜெஸீமா அனுப்பியிருந்தாள். ஒரே ஒரு சொல்.

"எதுக்கு?"

அன்று போட்ட தேத்தண்ணியை நான் குடிக்கவில்லை.

2

ஜெஸீமாவைப் பற்றிச் சொல்கிறேன். தொண்ணூறில் மன்னாரிலிருந்து மற்ற முஸ்லிம்களோடு வெளியேற்றப்பட்டு நாங்கள் புத்தளத்துக்கு வந்தபோது எனக்கும் அவளுக்கும் பதினாறு வயது. தில்லையடி முகாமில் அவர்களுடைய கொட்டிலுக்கும் எங்களுடைய கொட்டிலுக்கும் நடுவில் ஒரேயொரு கிடுகுத் தட்டி. அதில் ஒரு ஓட்டை. உப்பு அதற்குள்ளால் போகும், சீப்பு போகும், கதை போகும். எட்டு வருடம் அப்படி இருந்தோம். பிறகு அவள் ரஸீனைக் கட்டிக்கொண்டு கரைத்தீவுக்குப் போனாள். டென்மார்க் மாப்பிள்ளைக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னர் ரஸீன் மௌத்தானார். நித்திரையிலேயே போய்விட்டார். செய்தி குழுவில் வந்தது. எல்லாரும் எழுதியதை நானும் கீழே எழுதினேன். அவ்வளவுதான்.

ஜெஸீமா இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல் வீட்டோடு இருக்கிற காலம் அது. அந்த நாட்களில் அவள் என்னை மூன்று தரம் அழைத்தாள்.

முதல் தரம் நான் மழையில் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். பைக்குள் மணி அடித்தது கேட்கவில்லை. இரண்டாம் தரம் வேலையில் இருந்தேன். நான் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்தில். ஒரு மனிதருக்குச் சாப்பாடு தீத்திக்கொண்டிருந்தேன். மூன்றாம் தரம் ஞாயிற்றுக்கிழமை. சும்மாதான் இருந்தேன். கைபேசி என் கையிலேயே இருந்தது. அவளுடைய பெயர் வெளிச்சமாகத் தெரிந்தது. முதல் இரண்டு அழைப்புக்கும் திருப்பி எடுக்காதவள் இப்போது என்ன சொல்லித் தொடங்குவது என்று யோசித்தேன். யோசித்து முடிவதற்குள் மணி நின்றுவிட்டது. நின்றதும் எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் வெறுப்பு வரும்.

நாளைக்கு எடுப்போம் என்று நினைத்தேன். ஒரு கிழமை பிந்தினால் வெட்கம் ஒரு பிடி. ஒரு மாதம் பிந்தினால் ஒரு சாக்கு. மூன்று வருடம் பிந்தியதை யார் தூக்குவது?

ஆக, "எதுக்கு?" என்று அவள் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியும். கைபேசியில் எழுதினேன், அழித்தேன், திரும்ப எழுதினேன். என் கணவர் அதிகம் பேசாதவர். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "நேர போய்ச் சொல்லிட்டு வா. நான் ஜித்தாவுக்கு வந்து சேந்துகொள்றன்" என்றார்.

லீவு எடுப்பது அடுத்த கூத்து. இங்கே எதற்கும் ஒரு படிவம் உண்டு. அதில் காரணம் என்று ஒரு பெட்டி. உம்றாவுக்கு ஒரு கிழமை, அதற்கு முதல் ஊரில் இரண்டு கிழமை என்று எழுதினேன். என் மேலதிகாரி நல்ல பெண், என்னைவிட இருபது வயது இளையவள். இரண்டு கிழமை ஊரில் என்ன வேலை என்று கேட்டாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஐயோ, என்ன செய்தாய்?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. டெனிஷில் மன்னிப்புக் கேட்கும் சொல்லை நான் ஒரு நாளைக்கு நாற்பது தரமாவது சொல்கிறேன். சைக்கிள் பாதையில் ஒருவரை முந்தினால் சொல்வேன், பஸ்ஸில் தோள் முட்டினால் சொல்வேன், நான் சொன்னது விளங்காமல் அவர்கள் முகத்தைச் சுருக்கினாலும் சொல்வேன். சொல்ல வேண்டிய ஒருத்திக்கு மட்டும் எந்தப் பாஷையிலும் சொல்லவில்லை.

3

ஆடி மாதக் காற்றில் தில்லையடிக்கு வந்து இறங்கினேன். மறுநாளே பயணம் சொல்லப் புறப்பட்டேன். பட்டியலில் பதினேழு வீடு. காலையில் தில்லையடியும் டவுனும். பிறகு பஸ்ஸில் கனமூலையில் மூன்று வீடு. ஆகக் கடைசியில் கரைத்தீவு. கரைத்தீவை ஏன் கடைசியில் வைத்தேன் என்று உங்களுக்குத் தெரியும்.

நானா என்று நான் கூப்பிடும் அண்ணனின் மகளுடைய பள்ளிக்கூடச் சைக்கிளை வெளியே எடுத்தேன். முன்னால் கூடை வைத்த, ரோசா நிறச் சைக்கிள். நானா வாசலில் நின்று இரண்டு கையையும் விரித்தார்.

"ஒனக்கு விசரா? டென்மார்க்கில இருந்து வந்தவ சைக்கிள்ல போனா ஊர் என்ன சொல்லும்? மச்சானுக்கு வேல போயிட்டு எண்டு சொல்லும். நான் வேன் பேசித் தாறன்."

"நானா, அங்க நான் நாளும் இதுலதான் வேலைக்குப் போறன்."

"அங்க போ. இங்க போகாத."

நானாவின் மனைவி, என் மைனி, உள்ளேயிருந்து, "விடுங்க, அவ போகட்டும். அம்பது வயசுப் பொம்புள சைக்கிள்ல போறதப் பாத்துச் சிரிக்கிறதுக்கும் நன்ம கெடைக்கும்" என்றாள். மைனியின் ஆதரவு எப்போதும் இப்படித்தான் இருக்கும்.

எனக்குச் சைக்கிள் ஓடப் பழக்கியது டென்மார்க். முப்பத்து நாலு வயதில். வெளிநாட்டிலிருந்து வந்த பெண்களுக்கென்று ஒரு பாடசாலை முற்றத்தில் இலவசமாகப் பழக்கினார்கள். ஒரு சோமாலியப் பெண், இரண்டு ஈராக்கியப் பெண்கள், நான். நாலு பேரும் மாறி மாறி விழுந்தோம். ஐந்தாம் கிழமை நான் விழாமல் முற்றத்தைச் சுற்றி வந்தபோது மற்ற மூன்று பேரும் கை தட்டினார்கள். அன்றைக்கு ஜெஸீமாவுக்குத்தான் அழைத்துச் சொன்னேன். அந்தக் காலத்தில் அழைப்பு அட்டை வாங்கி, முதுகில் சுரண்டி, நம்பர் அடித்துக் கதைக்க வேண்டும். அட்டை முடியுமட்டும் சிரித்தாள்.

தில்லையடியில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கழுதைகள் மட்டும் என்னைப் பார்க்கவே இல்லை. நடுரோட்டில் நாலு நின்றன. மணியை அடித்தேன். ஒன்று வாலை ஆட்டியது. வாயில் வந்தது டெனிஷ் மன்னிப்புச் சொல். கழுதையிடமும் கேட்டுவிட்டு, இறங்கித் தள்ளிக்கொண்டு சுற்றிப் போனேன்.

முதல் வீடு ஹாஜரா மாமி. முகாமில் எங்களுக்கு எதிர்க் கொட்டில். நான் சொல்லத் தொடங்க முன்னரே, "பொறுத்துக்கிட்டன் புள்ள, பொறுத்துக்கிட்டன்" என்று கையைப் பிடித்தார். பிறகு துஆக்களைச் சொல்லத் தொடங்கினார். மூத்த மகனுக்குக் கட்டாரில் வேலை நிலைக்க வேண்டும், இளையவளுக்குப் பிள்ளை கிடைக்க வேண்டும், முழங்கால் வலி போக வேண்டும், பக்கத்து வீட்டாரின் முருங்கை மரம் இங்கால் சாயாமல் இருக்க வேண்டும். முருங்கை மரத்தையுமா கஃபாவில் கேட்பது என்றேன். "ஏன், அதுவும் அல்லாஹ்ட மரம்தானே" என்றார்.

எல்லா வீட்டிலும் இதே மாதிரித்தான். ஒரு மாப்புக்கு மூன்று துஆ. கூடவே ஒரு கிளாஸ் ஏதாவது. ஓரிடத்தில் சிவப்புச் சோடா, ஓரிடத்தில் பால் தேத்தண்ணி, ஓரிடத்தில் ஒரு கோப்பை வட்டிலப்பம். ஒரு வீட்டில் குடித்துவிட்டு மறு வீட்டில் வேண்டாம் என்றால் அது புதுக் குற்றம். அதற்கும் சேர்த்துப் பொறுக்கச் சொல்ல வேண்டும். ஒன்பதாவது வீட்டில் சலாம் சொல்லி நுழைந்ததுமே குளியலறை எங்கே என்று கேட்டேன்.

இதில் யாரும் என்னிடம் எதற்கு என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த வாசகத்தைத் தொழுகையில் ஓதுவது போல ஓடவிட்டேன். அவர்களும் அதேபோலப் பதில் தந்தார்கள். பேனையால் ஒவ்வொரு பெயராகக் கோடு போட்டேன். கோடு போடும்போது மனது லேசாகும் என்று நினைத்திருந்தேன். பட்டியல் குறையக் குறைய, கடைசியில் கிடந்த பெயரை மடித்து மறைத்துக்கொண்டேன்.

4

டவுன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கைபேசி திருத்தும் கடை ஒன்றில் சைக்கிளை விட்டேன். கடைக்காரர் நானாவின் சிநேகிதர். "தங்கச்சி, இது ஒங்கட சைக்கிளா?" என்று மூன்று தரம் கேட்டார்.

சிலாபம் போகிற பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. அதில் போனால் கனமூலைக்குப் போகலாம். ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். முன்னால் இரண்டு இருக்கைக்கு அப்பால் ஒரு பெண்ணின் கைபேசி அடித்தது. அவள் எடுத்துப் பார்த்தாள். உதட்டைச் சுழித்தாள். அடிக்கவிட்டுப் பைக்குள் போட்டாள்.

அவளுக்கு அது ஏதாவது கம்பெனிக்காரனாக இருந்திருக்கும். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. கனமூலையில் மூன்று வீடும் முடிய லுஹர் தொழுகை நேரம் தாண்டிவிடும். பிறகு நேரம் போய்விட்டது, கரைத்தீவு பஸ்ஸைத் தவறவிட்டேன் என்று சொல்லலாம். நாளைக்குப் போகலாம் என்று சொல்லலாம். நாளைக்கு வேறொரு காரணம் வரும். இந்த விளையாட்டை மூன்று வருடமாக விளையாடியவள் நான். எனக்கு என்னைத் தெரியும்.

பஸ் நகரத் தொடங்கிவிட்டது. எழும்பி, "இறக்கம்! இறக்கம்!" என்று கத்தினேன். கொண்டக்டர் சிங்களத்தில் எங்கே போகிறாய் என்று கேட்டான். எனக்கு வாயில் டெனிஷ் வந்தது. பிறகு தமிழ் வந்தது. சிங்களம் வந்து சேர்ந்தபோது நான் ரோட்டில் நின்றுகொண்டிருந்தேன்.

கரைத்தீவு பஸ்ஸில் சனம். "இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட!" என்று முன்னுக்குப் போகச் சொல்லி இந்தக் கொண்டக்டரும் கத்தினான். முன்னுக்கு இடமில்லை என்பது அவனுக்கும் தெரியும். ஒரு கோழிக் கூடைக்கும் ஒரு மூட்டை வெங்காயத்துக்கும் நடுவில் நின்றேன். டென்மார்க்கில் பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் யாரும் வந்து உட்காரமாட்டார்கள். முதல் வருடம் என்மேல் ஏதாவது மணக்கிறதோ என்று நினைத்து வீட்டுக்குப் போய்க் குளித்திருக்கிறேன். இங்கே ஒரு பெண் கேட்காமலே என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் இறங்கும் இடம் வந்தபோது பையை அடுத்தவளின் மடிக்கு மாற்றினாள். என் பை மூன்று மடி மாறி வந்தது.

வழியெல்லாம் களப்புக் காற்று. ஜன்னலால் மண்ணை அள்ளி வீசியது. சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கிப் பார்த்தேன். முதல் தரம் மழை, இரண்டாம் தரம் வேலை. அடுக்க அடுக்க அது லீவுப் படிவம் நிரப்புவது போல வந்தது.

5

ஜெஸீமா இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். நான் போனபோது கிணற்றடியில் தட்டுகளைக் கழுவி வெயிலில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தாள்.

"பஸ்ஸிலயா வந்த?"

"ஓம்."

"வேன்ல வருவ எண்டு நெனச்சன். வெளிநாட்டு ஆக்கள் வேன்லதானே வருவாங்க. என்ஜின நிப்பாட்டாம வெளிய வச்சிட்டு."

அந்தக் குத்தை வாங்கிக்கொண்டேன். பிளேன்டீயும் பனங்கட்டியும் கொண்டுவந்து வைத்தாள். கதிரையில் உட்காரச் சொன்னாள். தான் உட்காரவில்லை. தட்டுகளைத் துடைக்கத் தொடங்கினாள். நான் மனதுக்குள் அடுக்கி வைத்ததெல்லாம் பஸ்ஸிலேயே எங்கோ விழுந்துவிட்டது.

"நீ எதுக்கு எண்டு கேட்ட" என்றேன்.

"கேட்டன்."

"நீ மூண்டு தரம் எனக்குக் கோல் எடுத்த. மொதல் ரெண்டு தரமும் எனக்கு ஏலாமப் போச்சு. மூண்டாந்தரம் கையிலதான் இருந்திச்சு. வேணுமெண்டுதான் எடுக்கல்ல. என்ன சொல்ற எண்டு தெரியல்ல ஜெஸீமா. அதான் எடுக்கல்ல. அதுக்குத்தான் மாப்புக் கேக்க வந்தன்."

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"கையில வச்சிருந்த எண்டு. ஒன்லைன் எண்டு காட்டிச்சே. மணி அடிச்சு முடியுமட்டும் காட்டிச்சு. முடிஞ்ச பொறகும் காட்டிச்சு."

நான் அழுதுவிட்டேன். அழக்கூடாது, அழுதால் அவள் என்னைத் தேற்ற வேண்டி வரும், அது அநியாயம் என்று வரும் வழியில் உறுதியெடுத்திருந்தேன். ஆனாலும் அழுதேன். அவள் தேற்றவில்லை. நான் முடிக்குமட்டும் பொறுத்திருந்தாள். பிறகு, "நான் எதுக்கு எடுத்தன் எண்டு நீ இன்னும் கேக்கல்லியே" என்றாள்.

உண்மை. மூன்று வருடத்தில் அதை நான் யோசிக்கவே இல்லை. அழத்தான் எடுத்திருப்பாள் என்று நானே முடிவு செய்திருந்தேன்.

"சொல்லு" என்றேன்.

"வாற ஆக்கள் எல்லாம் அழுதாங்க. வாசல்ல செருப்பக் கழட்டக்குள்ளயே தொடங்கிருவாங்க. நானும் அழுதன். அழுது அழுது அந்த மனுசன்ட மொகமே எனக்கு அழுத மொகமா ஞாபகம் வரத் தொடங்கிட்டு. அவர் அப்பிடி ஆளாடி? ஒரு நாள் தொழுதிட்டு இருக்கக்குள்ள அவர் பவுசருக்கு முன்னால விழுந்தது ஞாபகம் வந்திச்சு. சிரிப்பு வந்திட்டு. இத்தாவில இருக்கிறவ ஆரோட சிரிக்கிற? இங்க சிரிச்சா என்ன சொல்லுவாங்க? ஒன்னோட எண்டாச் சிரிக்கலாம். அதுக்குத்தான் எடுத்தன். மூண்டு தரமும் அதுக்குத்தான்."

பவுசர் கதையை நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும். முகாமுக்குத் தண்ணீர் பவுசர் லொறியில்தான் வரும். எல்லாரும் வாளி, கேன், சட்டி என்று வரிசையில் நிற்போம். ரஸீனுக்கு அப்போது ஜெஸீமாமேல் ஒரு கண். அவளுக்கு முன்னால் வீரம் காட்டுவதற்காக, எங்கிருந்தோ வாங்கிவந்த சைக்கிளில் ஏழு கேன் கட்டி, நிறையத் தண்ணீர் பிடித்து, ஏறி உட்கார்ந்து மிதித்தார். இடுப்பில் கட்டியிருந்த சாரம் சங்கிலிக்குள் போய்விட்டது. வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால், ஏழு கேன் தண்ணீரோடு, அப்படியே சரிந்தார். எழும்பவும் முடியாது. எழும்பினால் சாரம் சங்கிலியோடு நின்றுவிடும். விழுந்த இடத்திலிருந்தபடியே, மிக மரியாதையாக, வரிசையைப் பார்த்து, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார். வரிசை முழுக்கப் பதில் சலாம் சொன்னது.

நான் அந்தக் காலத்தில் தையல் செய்துகொண்டிருந்தேன். கத்தரிக்கோலைக் கொண்டுபோய் அவருடைய சாரத்தை வெட்டி விட்டவள் நான்தான். வெட்டும்போது மெதுவாக, "தங்கச்சி, மேல வெட்டாதீங்க" என்று கெஞ்சினார்.

"மேல வெட்டாதீங்க" என்று ஜெஸீமா இப்போது ரஸீனின் குரலில் சொன்னாள். அதோடு முடிந்தது. இரண்டு பேரும் கிணற்றடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். ஒரு தட்டு விழுந்து உருண்டு போனது. பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன ராத்தா?" என்றாள். "ஒண்டுமில்ல, எங்கட வூட்டு மனுசன் விழுந்திட்டார்" என்றாள் ஜெஸீமா. அந்தப் பெண் பயந்துபோய்த் தலையை இழுத்துக்கொண்டாள்.

அஸர் தொழுதோம். நாலேகாலுக்குக் கடைசிப் பஸ். நான் முகத்தைக் கழுவி, முக்காட்டைச் சரிசெய்து, அவளுடைய கையைப் பிடித்தேன்.

"சரி, இப்பச் சொல்லு. பொறுத்துக்கிட்டன் எண்டு."

"சொல்ல மாட்டன்."

"விளையாடாத ஜெஸீமா. இன்னும் பதினொரு நாள்ல பயணம்."

"நான் விளையாடல்ல. சொன்னா நீ என்ன செய்வ? அந்தக் கடுதாசில கோடு போடுவ. பையத் தூக்குவ. பஸ்ஸில ஏறுவ. முடிஞ்சிட்டு எண்டு மனசு சொல்லும். பொறகு எனக்கு எடுப்பியா? எடுக்க மாட்ட. எனக்கு ஒன்னத் தெரியும்."

என் பையில் கிடந்த பட்டியலைப் பற்றி நான் அவளிடம் சொல்லியிருக்கவே இல்லை.

"அப்ப நான் அங்க போய் என்னெண்டு நிக்கிற? ஒருத்தி பொறுக்கல்ல எண்டு தெரிஞ்சுகொண்டு?"

அப்போதுதான் அவளுடைய முகம் இளகியது. என் கன்னத்தை ஈரக் கையால் தடவினாள்.

"பயப்புடாத. அல்லாஹ்ட்ட நான் ஒரு முறப்பாடும் வைக்கல்ல. ஒன்னட்ட மட்டும்தான் வச்சிருக்கன். போய் நல்லா தொழுதிட்டு வா. அவருக்கும் ஒரு துஆ செய்."

பஸ் ரோட்டில் ஹோன் அடித்தது. கொண்டக்டருக்கு என்னைத் தெரிந்திருந்தது. வரும்போது மூன்று மடி மாறிய பைக்காரி.

6

மீதி வீடுகளுக்கு அடுத்த நாட்களில் போனேன், அதே ரோசாச் சைக்கிளில். நானா பழகிவிட்டார். ஒரு நாள் சக்கரத்துக்குக் காற்றும் அடித்து வைத்திருந்தார். பட்டியலில் பதினாறு கோடு விழுந்தது. ஒன்று விழவில்லை. அந்தக் கடுதாசியோடுதான் மக்காவுக்குப் போனேன். ஹாஜரா மாமியின் முருங்கை மரத்தையும் மறக்காமல் கேட்டேன். ரஸீனுக்காகக் கேட்டபோது மேல வெட்டாதீங்க என்ற குரல் வந்து, கஃபாவைச் சுற்றும் தவாபுக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் வந்த என் கணவர் நான் அழுகிறேன் என்று நினைத்துத் தோளைத் தட்டினார்.

இப்போது டென்மார்க்கில் குளிர் தொடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் எனக்குப் பின்னேர வேலை. காலையில் அவளுக்கு எடுக்கிறேன். எடுத்ததும் சலாம் சொல்வாள். அடுத்து, "இன்னும் பொறுக்கல்ல" என்பாள். பிறகு கதைப்போம். மாவு விலை, காற்று, அவளுடைய மருமகளின் சமையல், என் முதியோர் இல்லத்தில் ஒரு தாத்தா தினமும் என்னைக் கலியாணம் கட்டக் கேட்பது. ஒரு வெள்ளி நான் பிந்திவிட்டேன். அவளே எடுத்தாள். நான் சைக்கிளில், மழையில், சந்தியில் நின்றேன். பின்னால் வந்தவர்கள் மணி அடித்தார்கள். சைக்கிளை ஓரத்தில் சாய்த்துவிட்டு ஒரு மரத்தடியில் நின்று எடுத்தேன். வேலைக்குப் பத்து நிமிடம் பிந்தினேன். ஹனா போன கிழமை வீட்டுக்கு வந்திருந்தாள். குசினிக்குள் வந்து, யாரோடு இப்படிச் சிரிக்கிறீர்கள் என்று டெனிஷில் கேட்டாள். என்னை இன்னும் பொறுக்காத ஒருத்தியோடு என்றேன்.

கஃபாவின் முன்னால் நின்று, ஜெஸீமாவின் மனது இளக வேண்டும், அவள் என்னைச் சீக்கிரம் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று அழுது கேட்டிருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் அவளோடு கதைத்து முடித்துக் கைபேசியை வைத்ததும், அந்த ஒரு துஆவை மட்டும் கொஞ்சம் பிந்தி ஏற்றுக்கொள் என்று அல்லாஹ்விடம் கேட்கிறேன்.